தோன்யாவின் சாப்பாட்டு மேசை

அந்த வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு எட்டு நாற்காலிகள். மேசைமேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. நடுவில் துணியால் மூடிய கூடை, அதற்குள் சூடு ஆறாத மக்காச்சோள ரொட்டிகள். அடுப்படிக்குப் பக்கத்து நாற்காலி வீட்டுக்காரம்மாவுடையது. தெருவில் எல்லோரும் அவரை மரியாதையாகத் தோன்யா என்கிறார்கள். எதிரே அவருடைய அம்மா. பக்கவாட்டில் வேலைக்குப் போகும் மகளும் எட்டு வயதுப் பேரனும். மிச்ச நாற்காலிகள் வந்து தங்கிப் படிக்கிறவர்களுக்கு. அவற்றில் கடைசி நாற்காலி எனக்கு வாய்த்தது. அங்கிருந்து எல்லோருடைய முகமும் தெரியும். குறைவாகப் பேசுகிறவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஊரின் பெயர் அந்திகுவா. மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டின் பழைய தலைநகரம். 1543இல் ஸ்பானியர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் அமைத்த நகரம் இது. 1773 ஜூலை 29ஆம் தேதி வந்த நிலநடுக்கம் நகரைப் புரட்டிப் போட்டது. 1776இல் தலைநகரை வேறு பள்ளத்தாக்குக்கு மாற்றிவிட்டார்கள். எல்லோரும் போய்விடவில்லை. இடிந்த தேவாலயங்களை இடிந்தபடியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தவர்களின் ஊர் இது. 1979இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தெருவெல்லாம் கல் பாவியது. தெருப்பக்கம் பார்த்தால் காவி, மஞ்சள், நீலம் பூசிய நெடுஞ்சுவரும் கனத்த மரக்கதவும்தான். கதவைத் திறந்தால் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், ஓட்டுக்கூரை, தொட்டியில் காகிதப்பூச்செடி. செட்டிநாட்டிலோ தஞ்சாவூர்ப் பக்கமோ வளர்ந்தவர்களுக்கு இந்த வீடுகளில் வழி கேட்கத் தேவையிருக்காது.

அவள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பத்தொன்பது வயது இருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பெண். வேன்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனதும், முதுகுப்பையைக் கழற்றாமலேயே தாழ்வாரத்தில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீடுகளில் மாணவர்களுக்குச் சாப்பாடு இல்லை. திங்கள் முதல் சனி வரை மூன்று வேளை என்பது பள்ளிகளோடு உள்ள வழக்கமான ஏற்பாடு. புதிதாக ஒருவர் வந்து இறங்கும் நாளில் தோன்யா அந்த ஏற்பாட்டைப் பார்ப்பதில்லை. மாட்டுக்கறி போட்ட சூப்பை ஒரு பெரிய கிண்ணத்தில் ஊற்றி மேசையில் வைத்தார்.

“காபியா, டீயா?”

அவள் தலையாட்டினாள்.

தோன்யா சிரிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. காபிப் புட்டியை ஒரு கையிலும் டீப் பொட்டலத்தை மறு கையிலும் எடுத்துக்கொண்டு அதே வேகத்தில், அதே குரலில் மறுபடி கேட்டார். “காபியா, டீயா?”

“காபி.”

“சர்க்கரை போட்டா, போடாமலா?”

“போடாமல்.”

அந்த இரண்டு பதில்களிலும் அவளாகத் தேடிப் பிடித்த சொல் ஒன்றுகூட இல்லை. இரண்டும் கேள்விக்குள்ளேயே இருந்தன. அன்றைக்கு அதை நான் தற்செயல் என்று நினைத்தேன். அடுத்தடுத்த நாள்களில் கவனித்தபோதுதான் தோன்யா எதையுமே அப்படித்தான் கேட்கிறார் என்று தெரிந்தது. ஜன்னலைத் திறக்கவா, மூடவா? நடந்து போகிறீர்களா, வண்டியிலா? பள்ளி பிடித்திருந்ததா, களைப்பாக இருந்ததா? புதிதாக வந்தவர் கேள்வியிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். பதில் சொல்லியாயிற்று என்ற தெம்பு வந்துவிடும். ‘புரிகிறதா?’ என்று மட்டும் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்றே சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

தோன்யா ஆசிரியப் பயிற்சி எதுவும் பெற்றவரல்ல. இருபது வருஷத்துக்கு மேலாக அயலூர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக் கற்றுக்கொண்டது இது. அவருடைய குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தப் பொம்மைகள் ஒட்டியிருந்தன. காற்றாலை, மரக்காலணி, ஏதோ ஒரு கலங்கரை விளக்கம். போனவர்கள் விட்டுப்போனவை. எது யார் கொடுத்தது என்று அவரால் சொல்ல முடிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் காய் பிடிக்காது என்பதுகூட நினைவில் இருந்தது.

மறுநாள் காலை அவளுக்கு இரண்டு பாடங்கள் நடந்தன. முதலாவது குளியலறையில். குழாயின் தலைப்பகுதியிலேயே மின்கம்பி கோத்து நீரைச் சூடாக்கும் அமைப்பு அது. தண்ணீரை நிறையத் திறந்தால் சில்லென்று கொட்டும், குறைத்தால்தான் வெந்நீர் வரும். இரண்டாவது தெருவாசலில். தெருக்களைப் பெரும்பாலும் எண்ணால்தான் குறிப்பார்கள். பார்க்க எல்லாமே ஒன்றாக இருக்கும். தோன்யா அவள் தோளைப் பிடித்துத் திருப்பி எதிரே கையைக் காட்டினார். ஓடுகளுக்கு மேலே அகுவா எரிமலை, 3,760 மீட்டர் உயரம், நீலமாக, முழுசாக நின்றது. அது எந்தப் பக்கமோ அதுதான் தெற்கு. வழி தவறினால் யாரையும் கேட்க வேண்டாம், தலையை நிமிர்த்தினால் போதும். அவள் நிமிர்ந்து பார்த்து “தெற்கு” என்றாள்.

பள்ளி நாலு தெரு தள்ளி. உள்ளே ஒரு தோட்டம். தகரக் கொட்டகையின் கீழே சின்னச் சின்ன மேசைகள். ஒவ்வொன்றிலும் இரண்டே பேர், ஒரு மாணவர், ஓர் ஆசிரியை. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. இடையில் காபிக்கு அரை மணி. ஒருவருக்கு ஒருவர் என்ற இந்த முறைதான் அந்திகுவாவின் பெயரை வெளியுலகில் பரப்பியது. அதைத் தேடியே ஆள்கள் வருகிறார்கள். வகுப்பில் பின்வரிசை என்று ஒன்று இல்லாததால் இங்கே ஒளிந்துகொள்ள முடியாது. நான்கு மணி நேரமும் ஒரு முகம் எதிரே காத்திருக்கும். அது வரமா தண்டனையா என்பது மாணவரைப் பொறுத்தது.

இரண்டு மேசை தள்ளி என் பாடம் நடந்துகொண்டிருந்தது. என் கண் அவள் மேசைக்குப் போய்க்கொண்டே இருந்தது. பள்ளியில் இரண்டு வருஷம் ஸ்பானிய மொழி படித்தவள் அவள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள். வினைச்சொல் அட்டவணைகளை மடமடவென்று எழுதினாள். ஆசிரியை பேனாவை வாங்கி வைத்துவிட்டு, “நேற்று என்ன செய்தீர்கள்?” என்று கேட்டதும் அவள் உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் வரவில்லை. வாக்கியம் உள்ளே தயாராகிறது. ஆணா பெண்ணா, ஒருமையா பன்மையா, இறந்தகாலத்தில் எந்த இறந்தகாலம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறாள். ஒரு தடவை உதடு அசைந்து நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து அசைகிறது. நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு வரும் ஊமைத்தனம் அது. தப்பே இல்லாத வாக்கியம் வேண்டும் என்று காத்திருக்கிறவர்களுக்கு வாக்கியமே வருவதில்லை. சரியாக எழுதியதற்கு மட்டும் மதிப்பெண் போடும் எல்லாப் பள்ளிகளும் இந்த ஊமைத்தனத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நம் பள்ளிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இங்கே தமிழ்க் காது இருந்தால் சில இடங்கள் எளிது. ‘போனேன்’ என்றாலே போனது யார் என்று நமக்குத் தெரிந்துவிடும். ஸ்பானிய வினைமுற்றும் அப்படித்தான் ஆளைத் தன்னுள் வைத்திருக்கும். ‘எனக்குப் பிடிக்கும்’ என்று நாம் சொல்கிற அதே அமைப்பில்தான் அவர்களும் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு அந்த இரண்டு இடமும் மேடு. அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘நான்’ என்று தொடங்கினாள். ஆசிரியை ஒவ்வொரு முறையும் அந்த ‘நானை’ மெதுவாக எடுத்துவிட்டு மிச்சத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

மத்தியானம் வீடு திரும்பியவளின் கண்கள் சிவந்திருந்தன. அழுகை இல்லை, களைப்பு. புரியாத பேச்சை உற்றுக் கேட்டுக்கொண்டே இருப்பது மூட்டை தூக்குவதைவிடக் கடினமான வேலை. செய்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். மேசையில் மகளும் பேரனும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் பார்வை பேசுகிறவர் வாயிலிருந்து பேசுகிறவர் வாய்க்கு ஓடியது. ஒரு கட்டத்துக்கு மேல் ஓடுவதை நிறுத்திவிட்டுத் தட்டிலேயே தங்கிவிட்டது. தோன்யா அதைக் கண்டதும் அன்றைக்கு அவளை ஒன்றும் கேட்கவில்லை. சோற்றின் பக்கத்தில் அவித்து மசித்துத் தாளித்த கறுப்பு பீன்ஸை இன்னொரு கரண்டி வைத்தார். சாப்பிட்டு எழுகிறவர் மேசையிலுள்ள எல்லோருக்கும் நன்றி சொல்வதும், மற்றவர்கள் ஒரே குரலில் ‘புவென் ப்ரொவேச்சோ’ என்று அனுப்பி வைப்பதும் இந்த நாட்டு வழக்கம். அவள் தட்டோடு எழுந்து நின்று, எப்படிப் போவது என்று தெரியாமல் தயங்கினாள். பேரன்தான் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, நன்றி சொல்லி, எல்லோரிடமும் பதில் வாங்கிக் காட்டினான். அவள் திருப்பிச் சொன்னாள். பாட்டியின் குரல்தான் மற்ற எல்லாக் குரலையும்விட உரக்கக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

தினமும் பன்னிரண்டரை வாக்கில் ஒரு பெண் தலையில் கூடையோடு ரொட்டி கொண்டுவருவார். அகுவா எரிமலையின் சரிவில் சாந்தா மரியா தெ ஹெசுஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கிருந்து வருகிறவர். நாற்பது வயது இருக்கும். கையால் நெய்த, கழுத்தைச் சுற்றிப் பூவேலை செய்த மேல்சட்டை. அந்த ரொட்டிக்குப் பின்னால் உள்ள வேலை எளிதானதல்ல. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் போகக் கழுவி, அரைத்து, உள்ளங்கைகளுக்கு இடையே மாற்றி மாற்றித் தட்டிக் கல்லில் போட்டு எடுக்க வேண்டும். சுண்ணாம்பு சேர்ப்பதால்தான் மாவு பிடிபடுகிறது, சத்தும் உடம்பில் ஒட்டுகிறது. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே அங்கத்திய மக்கள் கண்டுபிடித்த விஷயம் அது. சோளத்தை மட்டும் கொண்டுபோய், இந்தப் பக்குவத்தைக் கொண்டுபோகாத தேசங்களில் சத்துக்குறை நோயால் சனங்கள் செத்திருக்கிறார்கள்.

அன்று தோன்யாவின் கை அடுப்பில் இருந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டதும் விஸ்கான்சின் பெண்ணைப் பார்த்து, “போய் இருபது வாங்கி வாம்மா” என்றார். நான் முற்றத்துச் சலவைத் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். நடுவில் தண்ணீர், இரு பக்கமும் துவைக்கும் கல் வைத்த சிமென்ட் தொட்டி அது. அங்கிருந்து வாசல் நன்றாகத் தெரியும்.

“இருபது, தயவுசெய்து.”

ரொட்டிக்காரப் பெண் குனிந்து ஐந்தைந்தாக எண்ணத் தொடங்கினார். எண்ணியபடியே கேட்டார். “புதுசா? எந்த ஊர்?”

“வடக்கு. குளிர் ஊர்.” பிறகு உதடு அசைந்தது, நின்றது. “நான் ஸ்பானிஷ் படிக்கிறேன். கஷ்டம்.”

“கஷ்டந்தான்” என்றார் அவர். “எனக்கும் கஷ்டமா இருந்துச்சு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரொட்டிக்காரப் பெண்ணின் ஸ்பானிய மொழி மெதுவானது. ஆண்பால் பெண்பால் அங்கங்கே இடம் மாறியது. அதனாலேயே ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. அவருடைய தாய்மொழி கக்சிகெல். மாயா மக்கள் பேசும் மொழிகளில் ஒன்று. குவாத்தமாலாவில் அப்படி 22 மாயா மொழிகள் இருக்கின்றன.

மறுபடி உதடு அசைந்தது. “யார் சொல்லிக்கொடுத்தார்கள்?”

“யாரு சொல்லித்தருவா? பள்ளிக்கூடத்துல எங்க பேச்சைப் பேசினா வாயில அடிப்பாங்க. மிச்சத்தைச் சந்தையில கத்துக்கிட்டேன்.”

‘அடிப்பாங்க’ என்பது அவளுக்கு முதலில் விளங்கவில்லை. ரொட்டிக்காரர் தன் வாயருகே கையை வீசிக் காட்டினார். விளங்கியது. அவள் ஒன்றும் சொல்லாமல் ரொட்டிகளைத் துணியில் வாங்கிக்கொண்டாள். காசைக் கொடுத்துவிட்டு, “நாளைக்கும் வருவீர்களா?” என்று கேட்டாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு உதடு அசையாமல் நேரே வெளிவந்த அவளுடைய முதல் முழு வாக்கியம் அதுதான்.

ஒரே மொழியைப் பின்னால் வந்து கற்ற இரண்டு பெண்கள் அந்த வாசற்படியில் நின்றார்கள். ஒருத்தி தவறாகச் சொன்னால் வீடே பரிவோடு திருத்துகிறது. அவளுக்காகத் தோட்டம், மேசை, ஆசிரியை, நடுவில் காபி. இன்னொருத்தி அதே தவறைச் சொன்னால் சந்தையில் சிரிப்பார்கள். இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இந்த ஊரின் மொழிப்பள்ளிகளில் மூத்ததான பிரான்சிஸ்கோ மர்ரோக்கின் மொழித் திட்டம் 1969இல் தொடங்கியபோது, வெளிநாட்டாருக்கு ஸ்பானிய மொழி கற்பிப்பதோடு மாயா மொழிகளுக்கான வேலையையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. மாயா மக்களே தங்கள் மொழிகளை ஆராயும் மொழியியலாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அப்படி ஒரு தொடக்கம் இந்த ஊருக்கு இருந்தது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

புதன்கிழமை அவளுக்குத் தாங்கவில்லை. முந்தைய இரவு முழுக்க ஃபுவேகோ உறுமிக்கொண்டிருந்தது. ஊரைச் சுற்றி நிற்கும் மூன்று எரிமலைகளில் அதுதான் உயிருள்ளது. உறுமினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். 2018 ஜூன் 3ஆம் தேதி அது கக்கிய நெருப்புச் சாம்பலில் மலையடிவாரத்து ஊர் ஒன்று மண்ணோடு மூடிப்போனது. உள்ளூர்க்காரர்கள் அந்த உறுமலைக் கேட்டுத் திரும்பிப் படுக்கிறார்கள் என்றால் அதற்குப் பொருள் மறந்துவிட்டார்கள் என்பதல்ல. அவளுக்கு அது பழகாத சத்தம், தூங்காத இரவு. பகலில் பாடம் ஓடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. அறைக்குள்ளிருந்து தொலைபேசியில் ஆங்கிலம் கேட்டது. படபடவென்று, ஓடுகிற ஆங்கிலம். மூன்று நாள் நாங்கள் பார்த்த பெண் அந்தக் குரலில் இல்லை. இந்த மேசையில் யாரும் கண்டிராத கெட்டிக்காரி ஒருத்தி அந்த அறையில் பேசிக்கொண்டிருந்தாள்.

மகள் எழுந்து கூப்பிடப் போனாள். தோன்யா கையமர்த்தினார். பேச்சு ஓயும்வரை காத்திருந்தார். பிறகு கதவருகே போய், சாப்பிட வா என்று சொல்லவில்லை. “எனக்கு ஒரு கை உதவி வேண்டுமே” என்றார்.

மறுநாள் பாட்டிக்குப் பிறந்தநாள், சமையல் கூடுதல். அடுப்படி மேசையில் ஒரு குவியல் குயிஸ்கில். நம்மூரில் சௌசௌ என்று விற்கிறோமே, அதேதான். அதற்குப் பிறந்த வீடே அந்தப் பக்கத்து மலைகள்தான். அங்கே முள் உள்ள வகையும் உண்டு. தோன்யா ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்தார், ஒரு காயை அதில் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே தோலைச் சீவிக் காட்டினார். வெளியில் சீவினால் பால் கையில் பிடித்துக் காய்ந்து, தோல் உரிந்ததாட்டம் ஆகிவிடும். அவள் ஒன்றை எடுத்தாள். கத்தி சறுக்கியது. தோன்யா தன் காயையே பார்த்துக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்கவில்லை. பேச வைக்க விரும்புகிறவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கை வேலையில் இருக்க, கண் காயில் இருக்க, வாய் தன் பாட்டில் திறந்துகொள்ளும்.

மூன்றாவது காயில் அவள் ஆரம்பித்தாள்.

“என் அப்பா... மாடு. நிறைய மாடு.”

“அப்பா மாடு வளர்க்கிறாரா! பாலுக்கா, கறிக்கா?”

“பாலுக்கு. காலை நான்கு மணி, அவர் எழுந்திரு.”

“தினமும் நாலு மணிக்கு எழுந்துவிடுவாரா?”

“தினமும் எழுந்துவிடுவார். ஞாயிறும். நான், அக்கா, உதவி செய்கிறோம்... செய்தோம்... சின்ன வயதில்.”

“சின்ன வயதில் உதவி செய்வீர்கள். அக்கா இப்போதும் செய்கிறாளா, கல்யாணமாகிவிட்டதா?”

தவறு என்று ஒரு சொல் இல்லை. உடைந்த வாக்கியம் தோன்யாவின் வாய்க்குள் போய் நேராகி, கேள்வியாக வெளியே வந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போனாள். மொழியாசிரியர்கள் இதற்குப் பெயர் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். இந்த அடுப்படியில் அதற்குப் பெயர் எதுவுமில்லை, சௌசௌ சீவும்போது நடக்கிறது. குவியல் தீர வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் ஒரு தட்டில் ரொட்டியும் முட்டையும் பொரித்த வாழைப்பழமும் அவள் முன்னால் வந்திருந்தன. எப்போது வைத்தார் என்று நானே பார்க்கவில்லை. அவள் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை விடியுமுன், ஐந்து மணிக்கு, முற்றத்தில் வெடித்தது. தீபாவளி விடியலில் கேட்கும் சரவெடியேதான், நீளமான சிவப்புச் சரம். பிறந்தநாள் என்றால் இந்த நாட்டில் விடியலிலேயே வெடி கொளுத்த வேண்டும். அவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. போர்வையோடு வெளியே ஓடிவந்தாள், முகம் வெளுத்திருந்தது. கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்த பாட்டி அவளைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். சுடச்சுடச் சாக்லேட்டும் இனிப்பு ரொட்டியும் வந்தன. புகை முற்றத்தை விட்டுப் போகாமல் நின்றது.

“பயந்துட்டியா? நானும் ஒருநாள் இப்படித்தான் போர்வையோட ஓடினேன்” என்று பாட்டி ஆரம்பித்தார்.

1976 பிப்ரவரி 4. அதிகாலை மூன்று மணி கடந்து சில நிமிடம். பாட்டி அப்போது சிமால்தெனாங்கோ பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். நாட்டிலேயே மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் அது ஒன்று. அந்த ஒரு நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 23,000 பேர் இறந்தார்கள். பச்சை மண்கட்டிச் சுவரும் கனத்த ஓட்டுக்கூரையும் தூங்குகிறவர்கள் மேலேயே சரிந்தன.

பாட்டி மெதுவாகப் பேசுகிறவர். பல் குறைவு. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தோம், குளிர் அடித்துக்கொண்டிருந்தது, நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன என்று ஒரு வகை இறந்தகாலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு, தரை எழும்பியது, சுவர் விழுந்தது, இவளைத் தூக்கினேன் (இவள் என்றது தோன்யாவை), ஓடினேன் என்று வேறு வகைக்கு மாறினார். அந்த இரண்டு இறந்தகாலங்களுக்கும் இடையே உள்ள வரம்புதான் முந்தின நாள் முழுக்க அவளுடைய வகுப்பில் நடந்த பாடம். பயிற்சித்தாளில் கோடிட்ட இடங்களை நிரப்ப முடியாமல் அவள் திணறியதை நான் பார்த்திருந்தேன். இப்போது பாட்டியின் குரல் அந்த வரம்பைத் தாண்டிய நொடியில் அவள் கை, பிடித்திருந்த கோப்பையை விட்டுவிட்டுப் பாட்டியின் மணிக்கட்டைப் பற்றியது. சொல்லச் சொல்லவே கதை அவளுக்குப் புரிந்துகொண்டிருந்தது. முன்னே போய், பின்னே வந்து மொழிபெயர்த்துப் பார்க்க நேரமில்லாமல் புரிந்தது. அன்று காலை அவள் மிகக் குறைவாகவே பேசினாள். ஆனால் முந்தின நாள்களின் மௌனமும் இதுவும் ஒன்றல்ல. மேசையில் இருந்த எல்லோருக்கும் அந்த வித்தியாசம் தெரிந்தது.

“குழந்தை அழுததா, தூங்கியதா?” என்று மட்டும் கேட்டாள். தோன்யா கேட்கும் விதமாகவே அந்தக் கேள்வி வந்து விழுந்தது.

“தூங்கிச்சு” என்றார் பாட்டி. “இவ்வளவுக்கும் நடுவுல அசையாமத் தூங்கிச்சு.” தோன்யா அடுப்படிப் பக்கம் எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை பற்றிச் சொல்ல அதிகமில்லை. வகுப்பில் ஒரு சின்னத் தேர்வு, மாலையில் பள்ளித் தோட்டத்தில் விடைபெறுகிறவர்களுக்குக் கைதட்டல். அவள் இன்னும் பல வாரம் இருக்கப்போகிறவள், கைதட்டிவிட்டு வந்தாள். ரொட்டிக்காரப் பெண்ணிடம் கக்சிகெல்லில் வணக்கம் எப்படிச் சொல்வது என்று கேட்டுப் பேப்பரில் எழுதி வைத்திருந்ததைப் பேரனிடம் காட்டினாள். அவனுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அவள் சொல்ல, அவன் திருப்பிச் சொன்னான்.

சனிக்கிழமை இருட்டியதும் அந்த ஊர்த் தெருக்களில் சில வீட்டு வாசல்களில் சிவப்பு விளக்கு எரியும். உள்ளே தமால் விற்கிறார்கள் என்று அர்த்தம். சோளமாவில் கறியும் சிவந்த குழம்பும் பொதிந்து, இலையில் மடித்து வேகவைத்தது. சனி இரவு அதைத் தின்னாத வீடு குறைவு. தோன்யா அவள் கையில் பாத்திரத்தையும் பணத்தையும் கொடுத்தார். “மூலையில் இருக்கிற சிவப்பு விளக்கு. ஆறு வாங்கி வா.” பேரன் கூடப் போக எழுந்தான். தோன்யா அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மூலை வரை போய்வர ஐந்து நிமிடம் ஆகும். அவள் திரும்ப அரைமணிக்கு மேல் ஆயிற்று. மகள் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தாள். தோன்யா நாற்காலியை விட்டு எழவில்லை. ஆனால் விரிப்பில் ஒட்டாத சோற்றுப் பருக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் வந்தாள். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே ஆரம்பித்தாள். கூட்டம் இருந்தது. அவள் வரிசையில் காத்திருந்தாள். ஒரு நாய் வந்தது. தமால்காரம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முழங்கால் வலிக்கிறதாம், மகன்தான் எடுத்துக் கொடுத்தான். எந்த வீட்டில் தங்கியிருக்கிறாய் என்று கேட்டார். இந்த வீட்டில் என்று சொன்னாள். அகுவா எங்கே தெரிகிறது என்று கேட்டதற்குச் சரியாகக் கையைக் காட்டினாள், இருட்டில் தெரியாவிட்டாலும். இரண்டு இறந்தகாலமும் அந்தக் கதையில் கலந்துதான் கிடந்தன. பால் மாறியது, ஒரு சொல் பாதியில் ஆங்கிலமாகி மறுபடி கரையேறியது. உதடு மட்டும் ஒரு தடவைகூடச் சத்தமின்றி அசையவில்லை. பேரன் இரண்டு இடத்தில் வெடுக்கென்று திருத்தினான். அவள் அவனைப் பார்க்காமலேயே திருத்தியதை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

மகள் இலைகளை எண்ணினாள். “ஆறுதானே சொன்னோம்? ஏழு இருக்கு.”

“அது பாட்டிக்கு. வியாழக்கிழமை பிறந்தநாள் என்று சொன்னேன். அந்த அம்மா காசு வாங்கவில்லை.”

பாட்டி ஏழாவது பொதியைத் தன் பக்கம் இழுத்து, இலையைப் பிரித்து மோந்து பார்த்தார். ஆவி அவர் கண்ணாடியை மூடியது. “கறி அதிகமா வெச்சிருக்கா” என்றார். பிறகு தலையை நிமிர்த்தினார். “முழங்கால் வலின்னு சொன்னியே, வலதா, இடதா?”

அவளுக்குத் தெரியவில்லை. “கேட்கவில்லை.”

“எண்ணெய் கேட்டாளா?”

“அதையும் கேட்கவில்லை.”

“அப்ப போய்க் கேட்டுட்டு வா. எங்கிட்ட தைலம் இருக்குன்னு சொல்லு. வலதுன்னா ராத்திரியே தேய்க்கணும்.”

தோன்யா வாய் திறக்குமுன் அவள் கதவைத் தாண்டியிருந்தாள். அவளுடைய தமால் ஆறிக்கொண்டிருந்தது. தோன்யா அதை இலையோடு எடுத்துக்கொண்டுபோய் அடுப்பின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, “ஆரம்பிங்க, ஆறிடும்” என்றார் எங்களிடம்.